ரியூலிப் ஒருக்கா நட்டால் போதுமோ?

2022 செப்ரெம்பர் 24 (கேள்வி, புது உறுப்பினர்)

ரொறன்ரோ ஸ்காபரோவிலை போன மாசம்தான் வீடு வாங்கிக் குடிவந்தனாங்கள். முன் வளவு வெறுமையாக் கிடக்கு. ரியூலிப் பூ போடுவம் எண்டு கிழங்கு வாங்கப் போனால், கடையிலை நிண்டவர் "ஒருக்கா நட்டால் காணும், பிறகு வருசா வருசம் தானா வரும்" எண்டார். உண்மையோ? இப்பவே நடலாமோ?

2022 செப்ரெம்பர் 24, இரவு (பதில்)

பொய்.

நான் 2018 ஒக்ரோபரிலை 50 கிழங்கு நட்டனான். 2019 மே மாசம் 48 பூ. தெருவாலை போற வாற ஆக்கள் நிண்டு படம் எடுத்திட்டுப் போச்சினம். 2020இலை 20. 2021இலை ஆறு. இந்த வருசம் பூ ஒண்டும் இல்லை. மாட்டு நாக்கு மாதிரி ஒற்றை இலை மட்டும் அங்கொண்டு இங்கொண்டா வந்து, வெயிலைக் கண்டதும் படுத்திட்டுது.

காரணம் கிழங்குக்குள்ளை இருக்கு. நாங்கள் நடுற கிழங்கு அந்த வருசப் பூவோடை தன்ர கதையை முடிச்சிடும். அதின்ர இடத்திலை பிள்ளைக் கிழங்குகள் உண்டாகும். அதிலை ஒண்டு பெருத்தால் அடுத்த வருசம் பூ. நாலாப் பிரிஞ்சு சிறுத்துப்போனால் இலை மட்டும். இந்தப் பூவின்ர சொந்த ஊர் நடு ஆசியா, தியன்ஷான், பாமீர் மலைப் பக்கம். அங்கை மாரியிலை பனி, கோடையிலை காய்ஞ்ச கல்லு நிலம். கோடை முழுக்கச் சுட்ட மண்ணுக்குள்ளை காய்ஞ்சு கிடந்தாத்தான் கிழங்கு தேறும். ஸ்காபரோக் களிமண்ணிலை, புல்லுக்குத் தண்ணி அடிக்கிற இடத்திலை கிடந்தால் சுடுறது எங்கை, காயிறது எங்கை?

ஆனபடியால் கத்தரி, தக்காளி மாதிரி ஒரு வருசப் பயிர் எண்டு நினைச்சு வாங்குங்கோ. மனவருத்தம் இருக்காது.

இப்ப வாங்கி வைக்கலாம், நல்ல கிழங்கு கெதியா முடிஞ்சிடும். நடுறது ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகு. மண் சூடா இருக்கேக்கை நட்டால் அழுகும். பையிலை 12 எண்டு போட்டிருந்தால் கிழங்கின்ர சுற்றளவு 12 சென்ரிமீற்றர் எண்டு அர்த்தம். அதுக்குக் குறைஞ்சதை மலிவு எண்டு அள்ளிக்கொண்டு வராதையுங்கோ. கையாலை அமத்திப் பார்த்து, மெத்தெண்டு இருந்தால் திருப்பி வையுங்கோ.

2022 செப்ரெம்பர் 25

ஆழம் சொல்ல மறந்திட்டன். ஒரு சாண். கிழங்கின்ர அடி அந்த ஆழத்திலை இருக்கவேணும். கூர் மேலை. தலைகீழா விழுந்திட்டுது எண்டு நித்திரை முழிக்கத் தேவையில்லை, அது தானா வளைஞ்சு மேலை வரும். பூ மட்டும் கொஞ்சம் பிந்தும்.

2022 ஒக்ரோபர் 16

நேற்று 60 கிழங்கு நட்டு முடிச்சன். ஓம், ஒரு வருசப் பயிர் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் நட்டனான். 48 எங்கட வளவின்ர பக்கத்துப் பாத்தியிலை, 12 முன் படிக்குப் பக்கத்திலை. சிவப்பு அப்பல்டோர்ன் பாதி, கறுப்பு மாதிரித் தெரியிற 'குயின் ஒவ் நைற்' பாதி.

இப்ப அணில் கதை. எங்கட ஊர் அணிலை நினைக்காதையுங்கோ. அது ராமர் தடவின அணில், முதுகிலை மூண்டு கோடு இருக்கு, அடக்க ஒடுக்கமாத் திரியும். ரொறன்ரோ அணில் ஒருத்தரும் தடவாத அணில். பூனைக்குட்டி அளவு, கறுப்பு. கறுப்பு எண்டாலும் அது வேறை சாதி இல்லை, சாம்பல் அணில்தான், நிறம் மட்டும் அப்பிடி. நான் முழங்காலிலை நிண்டு நட்டுக்கொண்டு வர, அது வேலியிலை குந்தியிருந்து எண்ணிக்கொண்டு இருந்தது. நான் தேத்தண்ணி குடிக்க உள்ளை போட்டு வர மூண்டு கிழங்கு வெளியிலை. ஒண்டைக் கடிச்சுப் பார்த்து, பிடிக்காமல் போட்டிருக்கு. மற்றது ரெண்டும் பிடிச்சிருக்கு. அந்த மூண்டுக்கும் பதில் வைச்சாப் பிறகுதான் 60.

2019இலை நான் செய்த வைத்தியம் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள். மனிசி ஊரிலை இருந்து இடிப்பிச்சுக் கொண்டு வந்த தூள், சரக்கெல்லாம் போட்டு வறுத்தது. அதிலை ஒரு சுண்டு எடுத்து மண்ணிலை தூவினனான். ரெண்டு நாள் அணில் கிட்ட வரேல்லை. மூண்டாம் நாள் மழை. நாலாம் நாள் அணில் வந்தது. அஞ்சாம் நாள் மனிசி தூள்ப் போத்தலைத் திறந்து பார்த்தா. அணிலோடை எனக்கு இருந்த பிரச்சினை அதுக்குப் பிறகு பெரிசாத் தெரியேல்லை.

வேலை செய்யிறது கம்பி வலைதான். கோழிக்கூட்டுக்கு அடிக்கிறது. பாத்திக்கு மேலை விரிச்சு, கரையிலை செங்கல் வைச்சு விடுங்கோ. நட்டு ரெண்டு மூண்டு கிழமைதான் கூடின ஆபத்து, மண் இளகி மணக்கிற காலம். மண் இறுகினாப் பிறகு அணிலுக்கும் அலுப்பு வந்திடும். ஏப்ரலிலை முளை தெரிய முன்னம் வலையை எடுத்துப்போடவேணும். நான் ஒருக்கா மறந்து, வலைக்குள்ளாலை வந்த இலையளைக் கத்தரிக்கோலாலை விடுவிச்சனான்.

2022 ஒக்ரோபர் 18

எலும்புத் தூள் போடச்சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டுப் பார்த்த ஆள் எண்ட முறையிலை சொல்லுறன்: போடாதையுங்கோ. கிழங்குக்கு முதல் வருசச் சாப்பாடு அதுக்குள்ளையே இருக்கு. எலும்புத் தூள் மணத்துக்கு ரக்கூன் வரும். அது அணில் மாதிரிச் சின்னக் குழி தோண்டிற ஆள் இல்லை, பாத்தியையே புரட்டிப்போட்டுப் போகும்.

அணில் தொடாத கிழங்கு வேணுமெண்டால் டஃபடில் நடுங்கோ. அதிலை நஞ்சு, மிருகம் வாய் வைக்காது. அதோடை இந்த நாட்டிலை வருசா வருசம் வாற பூ உண்மையிலை அதுதான். கடைக்காரர் ரெண்டையும் மாறிச் சொல்லிட்டாரோ தெரியாது.

2022 நவெம்பர் 27

கேள்வி கேட்டவர் இன்னும் நடேல்லையாம், கிழங்கு கராஜுக்குள்ளை கிடக்காம். இப்பவும் நடலாம். நிலம் உறைஞ்சு கல்லாகும் மட்டும் நடலாம். நான் ஒருமுறை டிசெம்பரிலை அலவாங்கு போட்டு மேல் ஓட்டை உடைச்சு நட்டனான். பக்கத்து வீட்டுக்காரன் நான் எதையோ புதைக்கிறன் எண்டு யன்னலாலை பார்த்தவன். பூ வந்தது. கட்டையாத்தான் வந்தது, எண்டாலும் வந்தது.

வசந்தம் வர நடுவம் எண்டு மட்டும் வைச்சிருக்காதையுங்கோ. கிழங்குக்கு 12 தொடக்கம் 16 கிழமை குளிர் பிடிக்கவேணும், ஒரு 9 பாகைக்குக் கீழை. அந்தக் குளிர்தான் பூத்தண்டு நீளுறதுக்கு உத்தரவு குடுக்கிறது. குளிர் காணாத கிழங்கு இலைக்கு நடுவிலை பூவை வைச்சுக்கொண்டு எழும்ப ஏலாமல் இருக்கும்.

சென்னையிலை இருந்து ஒரு தங்கச்சி, பிறிட்ஜிலை வைச்சு நடலாமோ எண்டு கேட்டிருக்கிறா. வைக்கலாம் பிள்ளை. ஆனால் அதே தட்டிலை ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக்கூடாது. பழுக்கிற பழம் விடுற எத்திலீன் வாயு கிழங்குக்குள்ளை இருக்கிற பூமொட்டைக் கருக்கிப்போடும். மூண்டு மாசம் வைச்சு, மாசிப் பனிக்குள்ளை சட்டியிலை வைச்சால் ஒருக்காப் பூக்கக்கூடும். திரும்பப் பூக்காது. ஊரிலை இருக்கிற ஆக்கள் காந்தள் கிழங்கைத் தேடி நடுங்கோவன். எங்கட கார்த்திகைப் பூ. அதுவும் இப்பிடித்தான், வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள்ளை படுத்துக் கிடந்து மழைக்கு எழும்பிற சீவன். ரெண்டும் காய்ச்சலுக்குத்தான் படுக்குது, இது மட்டும் பனி கண்டுதான் எழும்பும்.

(காய்ச்சல் எண்டது வறட்சி. வருத்தம் இல்லை. முந்தி ஒருக்கா இந்தச் சொல்லாலை இஞ்சை சண்டை வந்தது.)

2023 ஜனவரி 15

வெளியிலை ஸ்னோ, செய்ய ஒண்டும் இல்லை. "ரியூலிப் எண்டு ஏன் எழுதிறியள், டியூலிப் எண்டு எழுதுங்கோ" எண்டு ஒருவர் திருத்தியிருக்கிறார். ரொறன்ரோவுக்கு வந்து ரியூசன் எடுத்து ரிக்கற் வாங்கின ஆக்கள் நாங்கள், ரியூலிப் எண்டுதான் எழுதுவம். அந்தச் சொல்லே பிழையிலை பிறந்தது. அடி தேடிப் போனால் தலைப்பாகைக்கு இருக்கிற சொல்லிலை போய் நிக்கும். துருக்கிக்காரர் பூவைச் சொல்லுறது 'லாலே' எண்டு. ஆரோ ஐரோப்பியன் தலைப்பாகை மாதிரிக் கிடக்கு எண்டு கேட்டதைப் பேர் எண்டு எழுதிக்கொண்டு போட்டானாம்.

ஒல்லாந்துக்கதை எல்லாருக்கும் தெரியும், ஒரு கிழங்குக்கு வீட்டு விலை குடுத்த கதை. 1637 பெப்ரவரியிலை ஹார்லெம் பக்கம் ஏலத்துக்கு வாங்க ஆள் வராமல் விலை விழுந்தது. எனக்கு அதிலை பிடிச்ச பகுதி வேறை. கூடின விலை போனது வெள்ளையிலை சிவப்புத் தீ நாக்கு ஓடின மாதிரிக் கோடு விழுந்த பூ. அந்தக் கோடு வைரசாலை வந்த வருத்தம். அழுக்கணவன் பூச்சி ஒண்டிலை இருந்து மற்றதுக்குக் காவுது. 20ஆம் நூற்றாண்டிலைதான் அதைக் கண்டுபிடிச்சது. வருத்தம் பிடிச்ச கிழங்கு வருசத்துக்கு வருசம் மெலியும், பிள்ளை போடுறதும் குறைவு. குறைவு எண்டதாலை விலை கூட. ஊரிலை வைரஸ் பிடிச்ச மிளகாய்க் கண்டைப் பிடுங்கி எரிப்பம், அவையள் ஏலத்திலை விட்டிருக்கினம். இப்ப கடையிலை வாற கோடு போட்ட ரியூலிப்பிலை வைரஸ் இல்லை, பயப்பிடாமல் வாங்கலாம்.

அதுக்கு முன்னமே, 1590களிலை லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்திலை குளூசியஸ் எண்ட அறிஞர் நட்ட கிழங்குகளை ஆக்கள் இரவோடை இரவாக் கிண்டிக்கொண்டு போட்டினம். விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கினம், அவர் குடுக்கேல்லையாம். ரெண்டு கால் அணில்.

2023 ஏப்ரல் 23

முளை நாலு விரல் உயரம். நேற்று அதுக்கு மேலை ஸ்னோ கொட்டினது. தங்கச்சி ஒராள் போர்வை கொண்டு போய் மூடினதாம். தேவையில்லை. அதின்ர சொந்த ஊரிலை உது சாதாரணம்.

முயல் வந்திருக்கு. மூண்டு மொட்டுக் காணேல்லை, கத்தியாலை சீவின மாதிரி.

2023 மே 15

60 நட்டதிலை 57 பூ. மூண்டு முயலுக்கு.

ஐயாவைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ஒட்டாவா போட்டு வந்தன். போன மாசம்தான் ஊரிலை இருந்து வந்தவர். டௌஸ் ஏரிக்கரையிலை பாத்தி பாத்தியாப் பூ. ஐயா கோப்பாய்ச் செம்மண்ணிலை அறுபது வருசம் வெங்காயம் செய்த மனிசன். நான் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டு வாறன்: யுத்தத்துக்குள்ளை ஒல்லாந்து இளவரசி யூலியானா பிள்ளையளோடை இஞ்சை வந்து இருந்தவ, 1943 ஜனவரியிலை ஒட்டாவா ஆசுப்பத்திரியிலை மார்கிரீற் பிறந்தவ, பிள்ளை ஒல்லாந்துக் குடியாவே பிறக்கவேணும் எண்டு கனடா அரசாங்கம் அந்தப் பிரசவ அறையைக் கனடா மண் இல்லை எண்டு அறிவிச்சது, 1945இலை நன்றிக்கு ஒரு லட்சம் கிழங்கு அனுப்பிச்சினம், இப்பவும் வருசம் 20,000 வருது. ஒட்டாவா ரியூலிப் விழா தொடங்கினது 1953இலை.

ஐயா எல்லாத்தையும் கேட்டிட்டு, "ஒரு அறைக்குக் குடுத்தவங்கள்" எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை. ஊரிலை ஆமி பிடிச்ச எங்கட காணியை விட்டுக் குடுத்தது எப்ப எண்டு இஞ்சை இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்.

பிறகு குனிஞ்சு பாத்தியைப் பார்த்து, "கிழங்கை என்ன செய்யிறவங்கள்?" எண்டு கேட்டார். பூ முடிய எடுத்துப்போட்டு கோடைக்கு வேறை பூக்கண்டு வைப்பினம், மாரிக்கு முன்னம் புதுக்கிழங்கு எண்டன். திரும்பி வாற வழியிலை, கிங்ஸ்ரன் மட்டும் அவர் அதைத்தான் கதைச்சவர். "எடுத்துப்போட்டோ?" "முழுக்கவோ?" "விதைக்கும் வைக்கிறேல்லையோ?"

2023 மே 29

முதல் குறிப்பிலை எழுதினதிலை ஒரு பகுதியை வாபஸ் வாங்கவேண்டிக் கிடக்கு. விளக்கமா எழுதிறன், ஏச விரும்பிறவை ஏசுங்கோ.

இதழ் கொட்டினாப் பிறகு இலை கிடந்து மஞ்சளாகி, சோம்பி, அசிங்கமாத்தான் கிடக்கும், ஒரு ஆறு கிழமை. மனிசிக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. போன சனி இலையை அடியோடை வெட்டிப்போட்டு செவ்வந்தி வைப்பம் எண்டு கத்திரிக்கோலோடை இறங்கினன். ஐயா கதிரையிலை இருந்தவர் எழும்பி வந்து கையைப் பிடிச்சார்.

"என்ன செய்யிறாய்?"

"பூ முடிஞ்சுது ஐயா, வெட்டுவம்."

"வெங்காயத்துக்குத் தாள் மடிய முன்னம் ஆரும் வெட்டுவானோ? கிழங்கு எதைத் திண்டு பருக்கிறது?"

நான் நிண்ட இடத்திலை நிண்டன். ஏனெண்டால் 2019 மே கடைசியிலை மகளின்ர அரங்கேற்றம். வீட்டை ஆக்கள் வருகினம் எண்டு, 48 பூவும் கொட்டின அடுத்த கிழமையே இலை முழுக்க வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, கடையிலை வாங்கின பூச்சட்டி அடுக்கினனான். 2020இலை 20 வந்ததுக்கும் 2021இலை ஆறு வந்ததுக்கும் நான் இவ்வளவு நாளும் தியன்ஷான் மலையிலை பழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்.

களிமண்ணும் தண்ணியும் உண்மைதான். பிள்ளைக் கிழங்கு பிரியிறதும் உண்மைதான். ஆனால் 48இலை 28 ஒரே வருசத்திலை போனது கத்திரிக்கோலாலை.

ஆகவே: பூ வாடினவுடனை தலையை மட்டும் கிள்ளுங்கோ, விதை வைக்க விடாதையுங்கோ. தண்டும் இலையும் கிடக்கட்டும். இலையைச் சடை மாதிரிப் பின்னிக் கட்டிறது, ரப்பர் போட்டு முடியிறது எல்லாம் வேண்டாம், வெயில் படவேணும். அசிங்கத்தை மறைக்கிறதுக்கு முன்னாலை வேறை ஏதும் வளர விடுங்கோ. நான் இப்ப வெந்தயம் போட்டிருக்கிறன், கறிக்கும் ஆச்சு.

2023 மே 30

ஏசினவைக்கு நன்றி. "அரங்கேற்றத்துக்கு வந்தவை உங்கட இலையையே பார்க்க வந்தவை" எண்டு எழுதின, மார்க்கம் நகரிலை இருக்கிற அக்காவுக்கு விசேச நன்றி.

2023 யூலை 2

ஐயா கிண்டிப்போட்டார். பக்கத்துப் பாத்தி 48ஐயும். முன் படியடி 12ஐ நான் விடேல்லை, "அது கிடக்கட்டும், என்ன நடக்குது எண்டு பாப்பம்" எண்டு மறிச்சுப்போட்டன்.

இலை முழுக்கக் காய்ஞ்சு, இழுக்கத் தண்டு கையோடை வந்தது. கிழங்கு மண்ணிறத் தோலோடை, பழைய கிழங்கு இருந்த இடத்திலை வெறும் சருகு. ஐயா நிழலிலை கடதாசி விரிச்சு மூண்டு குவியலாத் தெரிஞ்சார். முதலாம் தரம் 40. ரெண்டாம் தரம் ஒரு 50. மூண்டாம் தரம் உள்ளிப் பல்லு அளவு, எண்ணேல்லை. ரெண்டு கிழங்கு மெத்தெண்டு இருந்தது, தூரக் கொண்டுபோய்க் குப்பையிலை போடச் சொன்னார், பசளைக் குழிக்குள்ளை போடக்கூடாதாம்.

"ஐயா, இது கடையிலை வாங்கலாம்" எண்டன்.

"விதை வெங்காயமும் கடையிலை வாங்கலாம்" எண்டார். அந்தக் குரலிலை நான் சின்னனிலை அடி வாங்கியிருக்கிறன்.

கழுவேல்லை. ரெண்டு நாள் காத்தாட விட்டு, வெங்காயம் வாற சிவப்பு வலைப் பையளுக்குள்ளை போட்டு, பேஸ்மென்ற் படிக்குக் கீழை ஆணியிலை தொங்கவிட்டிருக்கிறார்.

2023 யூலை 9

கவனம். இதை எல்லாரும் வாசியுங்கோ.

பேஸ்மென்ற் படிக்குக் கீழைதான் எங்கட சாப்பாட்டு வெங்காயமும் தொங்கிறது. அதே சிவப்புப் பை. நேற்றுப் பின்னேரம் மருமகன் பெடியன் சம்பல் இடிக்கிறன் எண்டு போய் மூண்டு கிழங்கு எடுத்துக்கொண்டு வந்து உரிச்சு, பாதி வெட்டிப்போட்டான். "மாமி, இந்த வெங்காயம் கண் எரியேல்லை" எண்டு சொன்னதாலை தப்பினம்.

ரியூலிப் கிழங்கு நஞ்சு. ஆளைக் கொல்லுற அளவிலை பார்க்கிறது அரிது, ஆனால் சத்தி, வயித்துக் குத்து வரும். கன நேரம் கையாண்டால் விரல் தோலும் கடிச்சு வெடிக்கும். ஒல்லாந்திலை கிழங்கு தெரியிற வேலைக்காரருக்கு அது தொழில் வருத்தம். நாய் வைச்சிருக்கிறவையும் கவனம்.

"ஒல்லாந்திலை சாப்பிட்டவை தானே" எண்டு ஒருவர் உடனை எழுதுவார், அவருக்கு முன்கூட்டியே பதில். சாப்பிட்டவை. 1944–45 மாரியிலை, ஜேர்மன்காரன் சாப்பாட்டை மறிச்ச நேரம், மேற்கு ஒல்லாந்துச் சனம் வேறை ஒண்டும் இல்லாமல் ரியூலிப் கிழங்கு அவிச்சுத் திண்டது. நடுவிலை இருக்கிற மஞ்சள் முளையை எடுத்துப்போட்டு அவிக்கவேணும் எண்டு செய்முறை சொல்லிக் குடுத்தவை. பசிக்குத் திண்டது. அதுக்குப் பிறகு ஆரும் விரும்பி அவிச்சதாக் கேள்விப்படேல்லை. ஐயாவுக்கு இதைச் சொன்னன். "நாங்கள் சவுக்காரம் விலை கூடேக்கை பனங்காயாலை தோய்ச்சனாங்கள், அது மாதிரி" எண்டார். அது மாதிரி இல்லை, ஆனால் நான் விவாதிக்கேல்லை.

இப்ப ஒவ்வொரு பையிலையும் மனிசி பெரிய எழுத்திலை எழுதிக் கட்டியிருக்கிறா: "பூ. கறிக்கு இல்லை."

2023 ஒக்ரோபர் 22

நட்டாச்சு. ஐயா பழைய பாத்தியிலை நட விடேல்லை. ஒரே இடத்திலை வெங்காயத்துக்குப் பின்னாலை வெங்காயம் போட்டால் நோய் தங்கும் எண்டது அவற்ற கணக்கு. அவருக்குப் பேர் தெரியாது, ஆனால் ரியூலிப்புக்கும் அப்பிடி ஒரு பூஞ்சணம் இருக்கு, இலை நெருப்பிலை வாட்டின மாதிரி வரும், மண்ணிலையும் கிழங்கிலையும் தங்கி அடுத்த வருசமும் பிடிக்கும். மெத்தெண்டதைத் தூரப் போடச் சொன்னதும் அதுக்குத்தான் சரி.

ஒரு சங்கதி. நடமுன்னம் ஒரு முதலாம் தரக் கிழங்கை ஐயா நெடுக்கு வெட்டிக் காட்டினார். நடுவிலை ஒரு மணி அளவிலை முளை. மகளின்ர பூதக்கண்ணாடி வைச்சுப் பார்க்க, அதுக்குள்ளை பூ. இதழ், தாது எல்லாம் வந்திட்டுது. கோடை முழுக்கப் படிக்குக் கீழை, அந்த வலைப் பைக்குள்ளை தொங்கேக்கை அது பூவை உருவாக்கிக்கொண்டு இருந்திருக்கு. வாசிச்சுப் பார்த்தன், 17–20 பாகைச் சூட்டிலை காய்ஞ்சு கிடந்தால் அது நல்லா நடக்குமாம். எங்கட பேஸ்மென்ற் கோடையிலை அவ்வளவுதான்.

ஒரு கிழங்கு வெட்டினதாலை 39. ரெண்டாம், மூண்டாம் தரத்தைப் பின் வேலிக்கரையிலை நாத்துமேடை மாதிரி நெருக்கமா நட்டார். கடையிலை 30 புதுசும் வாங்கினன், ஐயாவுக்குத் தெரியாமல். அது வேறை பாத்தி.

2024 மே 12

கணக்கு.

ஐயாவின்ர 39இலை 29 பூத்தது. அதிலை சிவப்பு அப்பல்டோர்ன் 24க்கு 21. 'குயின் ஒவ் நைற்' 15க்கு 8. பூ போன வருசத்திலும் பார்க்க ஒரு சுற்றுச் சின்னன், தண்டு ஒரு சாண் கட்டை. ஆனால் பூ. முன் படியடியிலை நான் தொடாமல் விட்ட 12இலை 5, அஞ்சும் சிவப்பு. கடைப் புதுசு 30க்கு 30.

இதைப் பெரிய ஆராய்ச்சி எண்டு எடுக்காதையுங்கோ. முன் படியடி புல்லுத் தண்ணி போற இடம், நிழலும் கூட. ஆனால் ஒண்டு தெரியுது: இனம் பார்த்து வாங்கவேணும். அப்பல்டோர்ன் எண்டது டார்வின் கலப்பு, அந்தக் குடும்பம் திரும்பி வாறதிலை மற்றதுகளை விடத் திறம். பிந்திப் பூக்கிற கறுப்பு, ஓரம் கிழிச்ச மாதிரி வாறது, அடுக்குப் பூ எல்லாம் வடிவுக்கு வளர்த்ததுகள், திரும்பி வாறது குறைவு. திரும்பத் திரும்ப வாறது வேணுமெண்டால் காட்டு இனங்கள் இருக்கு, 'ரார்டா' எண்டு ஒரு சாண் கூட இல்லாத மஞ்சள் நட்சத்திரம். மார்க்கம் அக்கா வீட்டிலை அது எட்டு வருசமா நிக்குதாம், கூடிக்கொண்டு போகுதாம்.

ஆகவே 2022 செப்ரெம்பர் 24ஆம் திகதி நான் எழுதின "பொய்" எண்ட சொல்லை "பாதிப் பொய்" எண்டு திருத்தி வாசியுங்கோ. கேள்வி கேட்டவர் ஆளைக் காணேல்லை. தம்பி, உங்கட கிழங்கு என்ன மாதிரி? கராஜிலையே கிடக்கோ?

2024 மே 12, பின்னேரம்

வெட்டி மேசையிலை வைச்ச பூ வளைஞ்சு யன்னல் பக்கம் போகுது எண்டு கேட்டவருக்கு: அது வெட்டினாப் பிறகும் வளரும். வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். சட்டியை ஒவ்வொரு நாளும் திருப்பி வையுங்கோ, இல்லாட்டி விட்டுவிடுங்கோ, அது தன்ர பாட்டுக்கு ஆடட்டும். இரவிலை கூம்புறதும் வருத்தம் இல்லை, குளிருக்கு மூடுது, சூட்டுக்கு விரியுது.

2024 மே 14

கேள்வி கேட்டவர் வந்திட்டார். 2022 டிசெம்பரிலை கடப்பாரை வாங்கி நட்டவராம், பூத்ததாம், போன வருசம் இலையை வெட்டிப்போட்டாராம். இந்த வருசம் 20க்கு நாலு. மே 29 குறிப்பை வாசிக்க முன்னம் வெட்டிட்டன் எண்டு எழுதியிருக்கிறார். (அலவாங்கைக் கடப்பாரை எண்டு எழுதிறார். ஆள் எங்கட ஊர் இல்லைப்போலை. பரவாயில்லை.)

வேலிக்கரை நாத்திலை வாற கிழங்கு விலைக்குக் கிடைக்குமோ எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கினம். ஐயாட்டைக் கேட்டன். விக்கமாட்டாராம். யூலையிலை கிண்டேக்கை வந்தால் தருவாராம், ஆனால் அடுத்த வருசம் ஆளுக்குப் பத்துத் திருப்பிக் கொண்டுவரவேணுமாம். பை நீங்கள் கொண்டு வாங்கோ. சிவப்பு வலைப் பை வேண்டாம்.